6109: எங்கள் ஊரின் எண்

ஊருக்கு ஊர் பின்கோடு இருக்கிறது, வண்டி நம்பர் இருக்கிறது. எங்கள் திருப்பூருக்கு இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற ஓர் எண் உண்டு: 6109. உலகின் எந்தத் துறைமுகத்தில் டி-சர்ட்டும் பனியனும் ஏறினாலும் இறங்கினாலும் சுங்கக் கணக்கில் அவை பதிவாகிற தலைப்பு எண் இது. முதல் இரண்டு இலக்கமான 61 பின்னலாடையைக் குறிக்கும். நெய்த துணியில் தைத்த சட்டை, பேன்ட் எல்லாம் 62க்குப் போய்விடும். 61க்குள் 6107 ஆண்கள் உள்ளாடை, 6111 குழந்தைகள் உடுப்பு, 6109 டி-சர்ட். இந்த எண்ணைத் தெரிந்துகொண்டதிலிருந்து எனக்குத் தூக்கமே போய்விட்டது என்றால் சிரிப்பீர்கள். ஆனால் அதுதான் உண்மை!

கோவையில் இதழியல் படிக்கிறேன். காலையில் ரயிலேறிப் போய் சாயங்காலம் திரும்புகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. செய்தி என்றால் போக வேண்டும், கேட்க வேண்டும், எழுத வேண்டும் என்று சொல்லித்தந்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் யாரையும் கேட்காமல், யாருடைய பேட்டிக்கும் காத்திருக்காமல், நள்ளிரவில் பாயில் உட்கார்ந்தபடி மத்திய அரசின் ஏடுகளைப் புரட்டலாம், அதிலிருந்து எங்கள் தெருவைப் பற்றி ஒரு செய்தியைக் கண்டுபிடிக்கலாம் என்பதை யாராவது பள்ளிக்கூடத்திலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

மத்திய வணிக அமைச்சகம் ஏற்றுமதி, இறக்குமதித் தரவு வங்கி ஒன்றை வைத்திருக்கிறது. காசு கிடையாது, பதிவு செய்ய வேண்டியதில்லை. 6109 என்று அடித்து, மாதத்தையும் வருடத்தையும் தேர்ந்தெடுத்தால், அந்த மாதம் இந்தியாவிலிருந்து எத்தனை டாலருக்கு டி-சர்ட் போனது, எந்த நாட்டுக்குப் போனது என்று வந்து நிற்கிறது. இது இந்தியா முழுமைக்குமான கணக்கு. ஆனால் நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் எங்கள் ஊருடையது. ஆகவே 6109 தும்மினால் அவிநாசி ரோட்டுக்கும் பல்லடம் ரோட்டுக்கும் ஜலதோஷம் பிடிக்கும்.

சிக்கல் ஒன்றுதான். மாதத்துக்கு ஒரு பக்கம். பத்து வருடத்துக்கு 120 பக்கம். கையால் எடுத்து எக்செல்லில் ஒட்டினால் விரல் தேய்ந்துவிடும். இந்த இடத்தில்தான் பைத்தான் என்ற நிரல்மொழி வந்தது. வந்தது என்ன வந்தது, வாழ்க்கையையே மாற்றிவிட்டது!

ஒரு பக்கத்தைத் திற, அதிலிருக்கும் அட்டவணையை எடு, ஒரு கோப்பில் சேர், ஐந்து விநாடி சும்மா இரு, அடுத்த பக்கத்துக்குப் போ. இவ்வளவுதான் நிரல். பத்துப் பதினைந்து வரி. அந்த ஐந்து விநாடி ஓய்வு முக்கியம். அரசுத் தளத்தை மூச்சுவிடாமல் தட்டினால் அது படுத்துவிடும், நமக்கும் மரியாதையாக இருக்காது. பைத்தானில் ‘பாண்டாஸ்’ என்றொரு நிரல் தொகுப்பு இருக்கிறது. வெஸ் மெக்கின்னி என்பவர் 2008இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது எழுதத் தொடங்கியது. இணையப் பக்கத்தில் இருக்கும் அட்டவணையை ஒரே வரியில் உருவி எடுத்துத் தருகிறது. ஒரே வரி! முதல்தடவை அது ஓடியபோது வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அதனால் என்ன?

எண்கள் வந்து சேர்ந்ததும் கோடாக வரைந்தேன். திரையில் ஒரு மலைத்தொடர். வருடா வருடம் தை, மாசி, பங்குனியில் ஏறுகிறது. ஐப்பசி வாக்கில் இறங்குகிறது. நடுவில் 2020 ஏப்ரலில் ஒரு பாதாளம். அந்த மாதம் நாட்டின் ஆயத்த ஆடை ஏற்றுமதி முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 91 சதவீதம் சரிந்தது. ஊரடங்கில் எங்கள் தெருவில் ஒரு ஓவர்லாக் மெஷின் சத்தம்கூடக் கேட்காமல் கிடந்த அந்த மாதம், டெல்லியில் ஒரு அட்டவணையில் ஒரு கட்டமாக உட்கார்ந்திருக்கிறது. நம் தெருவின் மௌனத்துக்குக் கணக்கு இருக்கிறது என்பதைப் பார்த்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

படத்தை எடுத்துக்கொண்டு நேராக மாமாவிடம் போனேன். கட்டிங் மாஸ்டராக இருந்து இப்போது பத்துப் பன்னிரண்டு மெஷின் போட்டு பவர்டேபிள் நடத்துகிறார். சிங்கர், ஓவர்லாக், ஃபிளாட்லாக் எல்லாம் ஒரே கூரைக்குள் இரைந்துகொண்டிருந்தன. கைமடி அக்காமார் துணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“என்ன அம்மிணி, மேடும் பள்ளமுமா இருக்குது?”

“நம்ம டி-சர்ட் ஏற்றுமதிங்க மாமா. வருசா வருசம் இந்த இடத்துல விழுந்திருக்குது பாருங்க. ஏனுங்க?”

“இதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு? தீவாளி போனஸ் வாங்கிட்டு ஊருக்குப் போனவன் திரும்பி வரோணுமல்லோ? அதுவுமில்லாம வெள்ளைக்காரன் கோடைக்குப் போடற டி-சர்ட்ட நாம மாசி பங்குனிக்குள்ள கப்பலேத்தோணும். அதான் அப்ப மேடு.”

நான் விடவில்லை. “6109ன்னா என்னன்னு தெரியுங்களா மாமா?”

“இன்வாய்ஸ்ல அடிக்கற நம்பரு. அது தெரியாம ஒரு பில்லு போட முடியுமா?”

கேட்டீர்களா? உலக வர்த்தகத்தின் ரகசியக் கதவைத் திறந்துவிட்ட பெருமையில் போய் நின்றவளுக்கு, அந்தச் சாவி ஜிஎஸ்டி பில் புத்தகத்திலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷம் இரட்டிப்பாகிவிட்டது. நூல் என்ன கவுண்ட், துணி எத்தனை ஜிஎஸ்எம், டஜனுக்கு எவ்வளவு கூலி, பீஸ் ரேட்டில் ஒரு ஷிப்டுக்கு எத்தனை உருப்படி, எத்தனை சதவீதம் வேஸ்ட் என்று நாள் முழுக்க எண்ணிலேயே பேசுகிற ஊர் இது. ஊருக்கு எண் தெரியும். ஊரைப் பற்றி வருகிற செய்திகளில்தான் எண் இல்லை. “ஏற்றுமதி கடும் பாதிப்பு”, “தொழில்துறையினர் கவலை” என்று தலைப்பு வரும். எவ்வளவு பாதிப்பு, எப்போதிலிருந்து, எந்த ரகத்தில் என்று தேடினால் ஒரு சங்கத் தலைவரின் பேட்டியோடு முடிந்துபோயிருக்கும்.

அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி என்றபோது எங்கள் ஊர் டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. அதன் விளைவைக் காட்டும் ஏற்றுமதிக் கணக்கு வெளியாக மாதக் கடைசி தாண்டி இன்னும் சில வாரம் ஆகும். புதுப்பட ரிலீஸுக்குக் காத்திருப்பதுபோல் அந்தப் பக்கத்துக்காகக் காத்திருக்கிற பெண்ணை நீங்கள் பார்த்ததில்லை என்றால் என்னை வந்து பாருங்கள்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகு முளைத்த மோகம் என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்து ஊர் கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோமே, அந்த அசல் மான்செஸ்டரில் 1821 மே 5 அன்று ‘கார்டியன்’ பத்திரிகையின் முதல் இதழ் வந்தது. தொடங்கியவர் ஜான் எட்வர்ட் டெய்லர், பருத்தி வியாபாரத்திலிருந்து வந்தவர். அந்த முதல் இதழிலேயே ஓர் அட்டவணை இருந்தது: மான்செஸ்டரிலும் சால்ஃபோர்டிலும் உள்ள பள்ளிகள், ஒவ்வொன்றிலும் படிக்கும் பிள்ளைகள், ஆகும் செலவு. இலவசக் கல்வி பெறும் ஏழைப் பிள்ளைகள் 8,000 பேர் என்று அதிகாரபூர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அட்டவணையைக் கூட்டினால் 25,000ஐ ஒட்டி வந்தது. ஒரு பஞ்சாலை நகரத்தின் பத்திரிகை, பிறந்த அன்றே ஊர்க் கணக்கைக் கையில் எடுத்திருக்கிறது. இதைப் படித்த அன்று இந்த உலகில் நான் தனி ஆள் இல்லை என்று தோன்றியது.

அட்ரியன் ஹொலோவாட்டி பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தவர். கவனியுங்கள், இதழியல்! கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற சின்ன ஊரின் உள்ளூர்ப் பத்திரிகையில் இணையப் பிரிவில் வேலை பார்த்தார். செய்தி ஆசிரியர்கள் கேட்டதையெல்லாம் சாயங்காலத்துக்குள் செய்து தர வேண்டிய நெருக்கடியில், 2003இல் அவரும் சைமன் வில்லிசனும் சேர்ந்து ஒரு மென்பொருள் சட்டகத்தை எழுதினார்கள். 2005இல் அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதுதான் ஜாங்கோ. பின்னாளில் இன்ஸ்டாகிராம் எழுந்து நின்றதே அதன்மேல்தான். நாம் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிற செயலியின் அஸ்திவாரம் ஒரு சிற்றூர்ப் பத்திரிகை அலுவலகத்தில் போடப்பட்டது என்றால் நம்ப முடிகிறதா?

அதே 2005இல் ஹொலோவாட்டி சிகாகோ போலீசின் குற்றப் பதிவுகளை எடுத்து கூகுள் வரைபடத்தில் தெரு தெருவாக வைத்து ஒரு தளம் செய்தார். யார் வேண்டுமானாலும் தன் தெருவைப் பார்த்துக்கொள்ளலாம். அவர் அடிக்கடி சொன்ன யோசனை எளிமையானது: தீ விபத்துச் செய்தி எழுதினால் தேதி, இடம், நேரம், சேதம் என்று தனித்தனிக் கட்டங்களிலும் சேமித்துவையுங்கள், பத்து வருடம் கழித்து அதுவே இன்னொரு செய்தியாகும். திருப்பூரில் பனியன் குடோன், வேஸ்ட் துணிக் கிடங்கு தீப்பிடிக்காத வருடம் உண்டா? அந்தச் செய்திகளை யாராவது இப்படிக் கட்டம் கட்டி வைத்திருந்தால், எந்தப் பகுதியில், எந்த மாதத்தில், எதனால் என்று இன்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். நான் ஆரம்பித்துவிட்டேன்!

தமிழில் படித்தவளுக்கு இதெல்லாம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். தமிழில்தான் வந்தது. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழும், அதன் ஆசிரியர் த. சீனிவாசனும் அவரோடு இருப்பவர்களும் செய்துவைத்திருக்கிற வேலைக்குக் கோயில் கட்டலாம். து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில்’ வரிசை நூல்கள் மைஎஸ்க்யூஎல்லையும் எச்டிஎம்எல்லையும் அம்மா சாதம் பிசைந்து ஊட்டுவதுபோல் ஊட்டுகின்றன. எல்லாம் இலவச மின்னூல்கள். கணினியும் பெரிதாக வேண்டாம். கூகுள் கோலாப் என்ற பக்கத்தைத் திறந்தால் பைத்தான் உலாவியிலேயே ஓடுகிறது. கல்லூரி நூலகத்துப் பழைய கணினியே போதும்.

ஒரு வேடிக்கை பாருங்கள். பைத்தானிடம் “திருப்பூர்” என்று கொடுத்து இதன் நீளம் எவ்வளவு என்று கேட்டால் 10 என்கிறது. ஐந்தெழுத்துதானே? தி-ரு-ப்-பூ-ர். கணினி உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிவிடுகிறது. இதற்கென்றே முத்து அண்ணாமலையும் நண்பர்களும் ‘ஓப்பன்-தமிழ்’ என்ற தொகுப்பை எழுதி வைத்திருக்கிறார்கள். அதை இறக்கிக்கொண்டு கேட்டால் சமர்த்தாக 5 என்கிறது. தமிழ்ப் பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்தவும் அதில் வழி இருக்கிறது. வார்டு வார்டாகப் பெயர்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அரசு ஆவணங்களோடு படும் பாட்டையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதிலும் எனக்கு ஒரு ருசி வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற ஆணை போட்டது. ஆனாலும் வானவில் எழுத்துருவில் அடித்த பிடிஎஃப்கள் இன்றும் கண்ணில் படுகின்றன. பார்க்க அழகான தமிழ். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாகக் கொட்டும். என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டால் தமிழாகத் திரும்பி வரும். அந்தக் கணம் இருக்கிறதே, அடடா! பிடிஎஃப்புக்குள் மாட்டிக்கொண்ட அட்டவணைகளை மீட்க ‘டாபுலா’ இருக்கிறது. 2013இல் மானுவல் அரிஸ்தரான் என்ற அர்ஜென்டினாக்காரரும் பத்திரிகை உலகத்து நிரலாளர்களும் சேர்ந்து, பத்திரிகையாளர்களுக்காகவே செய்தது. நம் தலைவலி புவெனஸ் அய்ரெஸிலும் இருந்திருக்கிறது!

அட்டவணை வந்துவிட்டால் முடிந்ததா? எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒரு துறை ஒற்றை ‘பி’ போட்டு எழுதும், இன்னொரு துறை இரட்டை ‘பி’ போடும், மூன்றாவது துறை ‘டி’க்குப் பக்கத்தில் ஒரு ‘எச்’சைச் சேர்க்கும். கணினிக்கு இவை மூன்றும் மூன்று ஊர். ஒன்றாக்காமல் கூட்டினால் ஊரே காணாமல் போகும். எங்கள் அம்மா செக்கிங் வேலை பார்க்கிறவர். ஒவ்வொரு பீஸாகப் புரட்டி, ஓட்டை, கறை, தையல் விட்டது என்று ஸ்டிக்கர் ஒட்டுவார். நான் செய்வதும் அதே வேலைதான்: வரி வரியாகப் பார்த்து, தப்பானதைத் தனியே எடுத்து வைப்பது. இதை விளக்கிய பிறகுதான் ராத்திரி லைட் எரிவதைப் பற்றி வீட்டில் சத்தம் போடுவதை நிறுத்தினார்கள்.

என்னென்ன கிடைக்கிறது என்று பட்டியல் போட்டால் இந்த இதழ் போதாது. சட்டமன்றத் தேர்தல் முடிந்ததும் ‘படிவம் 20’ வெளியாகிறது. தாராபுரம், காங்கயம், அவிநாசி, திருப்பூர் வடக்கு, திருப்பூர் தெற்கு, பல்லடம், உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் என்று மாவட்டத்தின் எட்டுத் தொகுதிகளிலும் சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்பது அதில் இருக்கிறது. உங்கள் தெருக்காரர்கள் ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்து அறையில் என்ன விழுந்தது என்று நீங்களே பார்க்கலாம். தேசியக் குடும்பநல ஆய்வு மாவட்டத்துக்கு ஓர் அறிக்கை தருகிறது. அமராவதி அணையில் 90 அடிக்கு இன்று எத்தனை அடி, திருமூர்த்தி அணையில் 60 அடிக்கு எத்தனை அடி என்று தினமும் வெளியாகிறது. தினசரியில் ஒரு மூலையில் வந்து மறுநாள் பொட்டலம் மடிக்கப் போகிற இந்த எண்ணை, பத்து வருடத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் உடுமலை விவசாயியின் மொத்தக் கதையும் அதில் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணை மத்தியத் தொழிலாளர் பணியகம் மாதாமாதம் வெளியிடுகிறது. நாடு முழுக்க 88 மையங்கள், அதில் கோயம்புத்தூரும் ஒன்று. 2016ஆம் ஆண்டின் விலைவாசியை 100 என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். பனியன் தொழிலில் சம்பள ஒப்பந்தம் போடும்போதும், பனியன் உற்பத்தியாளர்களின் சைமா சங்கத்தோடு பவர்டேபிள்காரர்கள் கூலி உயர்வு பேசும்போதும் முதல் வருடம் இத்தனை சதவீதம், அடுத்த வருடம் இத்தனை சதவீதம் என்று செய்தி வரும். அந்தச் சதவீதப்படி ஏறிய கூலியை ஒரு பத்தியிலும், குறியீட்டு எண்ணை அடுத்த பத்தியிலும் போட்டு முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், கூலி நிஜமாகவே ஏறியதா, விலைவாசி அதைத் தின்றுவிட்டதா என்று தெரிந்துவிடும். சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்ததும் அம்மா வாராவாரம் கேட்கிற கேள்விக்கு இரண்டு பத்தியும் ஒரு வகுத்தலும் பதில் சொல்லும். இதைவிட நல்ல செய்தி எது?

இல்லாத தரவும் செய்திதான். 2011 கணக்கெடுப்பில் திருப்பூர் மாவட்டத்தின் மக்கள் தொகை 24,79,052. அதற்குப் பிறகு நாட்டில் மக்கள் தொகைக் கணக்கெடுப்பே முடியவில்லை. அடுத்ததற்குக் குறித்திருக்கும் ஆண்டு 2027. இந்த இடைவெளியில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று எத்தனை ரயில் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போயிருக்கிறது! தன்பாத்-ஆலப்புழா எக்ஸ்பிரஸ் வருகிற நேரத்தில் எங்கள் ஸ்டேஷனில் நின்று பாருங்கள். ஆளுக்கு இத்தனை லிட்டர் தண்ணீர், இத்தனை பேருக்கு ஒரு ஆஸ்பத்திரிப் படுக்கை என்று எந்தக் கணக்கைப் போட்டாலும் கீழே வகுக்கிற எண் பழையது. இது தெரிந்த பிறகு எந்தச் சராசரியைப் படித்தாலும் “எதால் வகுத்தீர்கள்?” என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்தத் தொழிலாளர்களை வைத்தே 2023 மார்ச்சில் எங்கள் ஊரைப் பற்றி இணையத்தில் ஒரு பெரும் புரளி ஓடியது. தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று இதற்குச் சம்பந்தமில்லாத சம்பவங்களின் காணொளிகளைச் சுற்றவிட்டார்கள். ஹோலிக்கு ஊருக்குப் போகிற கூட்டத்தைக் காட்டி, உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்றார்கள். பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பியது. தமிழ்நாடு போலீஸ் வழக்கு போட்டது. அப்போது ஆல்ட் நியூஸ் என்ற உண்மை சரிபார்ப்புத் தளத்தின் முகமது ஜுபைர் அந்தக் காணொளிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று மூலத்தைத் தேடி வெளியிட்டார். தமிழ்நாடு அரசு 2024 குடியரசு தினத்தில் அவருக்குக் கோட்டை அமீர் மத நல்லிணக்கப் பதக்கம் கொடுத்தது. ஒரு காணொளியிலிருந்து சில காட்சிகளைப் பிரித்தெடுத்து, அதே படம் இணையத்தில் முன்பு எங்கே வந்தது என்று பின்னோக்கித் தேடுவது பெரிய வித்தை கிடையாது. பத்து நிமிடத்தில் யாரும் பழகலாம். அந்தப் பத்து நிமிடப் பழக்கம் ஒரு நகரத்தின் மானத்தையும், பூட்டிய அறைக்குள் பயந்து கிடந்தவர்களின் நிம்மதியையும் மீட்கும் என்றால், அதை இதழியல் வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தர வேண்டாமா?

எண்ணுக்கு இருக்கிற பலத்தை எங்கள் நொய்யல் ஆற்றைப் போல் காட்டிய வேறொன்று இல்லை. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992இல் முடிந்தது. தேங்கியதோ சாயத்தண்ணீர். கீழ்ப்பகுதி விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போனார்கள். “தண்ணீர் கெட்டுவிட்டது” என்று ஆயிரம் பேர் சொல்வது ஒரு பக்கம். லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் உப்பு கரைந்திருக்கக் கூடாது என்ற வரம்பும், அதைத் தாண்டிப்போன ஆய்வக அளவுகளும் ஒரு பக்கம். சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் விதியை நிறைவேற்றாத சாய ஆலைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த வருடத்தை இன்றும் பெருமூச்சோடுதான் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் உறவுக்காரர்கள் இருக்கிற குடும்பம் எங்களுடையது. ஆற்றங்கரையில் தென்னை வைத்திருந்தவரும் உண்டு, சாயப்பட்டறையில் வேலை இழந்தவரும் உண்டு. அவர்கள் சண்டை போடாமல் ஒரே காகிதத்தைக் குனிந்து பார்ப்பது, நான் தண்ணீர் அளவுகளை எடுத்துப்போகிற அன்று மட்டும்தான்.

தளத்தில் கிடைக்காததைக் கேட்டு வாங்கலாம். 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம், 30 நாளுக்குள் பதில். அதன் 2(ஜே) பிரிவைத் தயவுசெய்து ஒருமுறை படியுங்கள். கணினியில் இருக்கும் தகவலை மின்னணு வடிவிலேயே பெறும் உரிமை நமக்கு இருக்கிறது. பிளாப்பி, டேப் என்றெல்லாம் அந்தக் காலத்துச் சாமான்களின் பெயர் அதில் இருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “எக்செல் கோப்பாகத் தரவும்” என்று விண்ணப்பத்தில் ஒரு வரி சேருங்கள். ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு அச்செடுத்து, முத்திரை குத்தி, அதை ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். மேல்முறையீடு எழுதிப் போட்டேன். எக்செல் வந்தது! அந்தக் கோப்பைப் பட்டுச்சேலை மாதிரி பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எண் இருந்தால் ஆளைப் பார்க்கப் போக வேண்டாமா என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் கேட்டார். அதிகமாகப் போக வேண்டியிருக்கிறது, ஐயா! அந்தக் கோட்டில் பள்ளம் இருப்பதை நிரல் காட்டியது. பள்ளத்துக்குக் காரணத்தை மெஷின் சத்தத்துக்கு நடுவே மாமா சொன்னார். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் செய்தி இல்லை. சென்னையிலிருந்து எழுதும் ருக்மிணி எஸ். 2021இல் கொண்டுவந்த ‘ஹோல் நம்பர்ஸ் அண்ட் ஹாஃப் ட்ரூத்ஸ்’ நூல் முழுக்க இந்த வேலைதான். கொரோனா காலத்தில் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளில் கூடுதலாகத் தெரிந்த மரணங்களையும் அரசு சொன்ன கொரோனா மரணங்களையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பதிவேடு எல்லா ஊரிலும் இருந்தது. எடுத்துப் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டார்.

ஆகவே இதழியல் படிக்கிற தம்பிகளே, தங்கைகளே, ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் எண்ணைத் தேடுங்கள். சிவகாசிக்குப் பட்டாசு இருக்கிறது, ஆம்பூருக்குத் தோல் இருக்கிறது, நாமக்கல்லுக்கு முட்டை, தூத்துக்குடிக்கு உப்பு. எல்லாவற்றுக்கும் அந்தத் தரவு வங்கியில் ஒரு தலைப்பு எண் உண்டு. கணியத்திலிருந்து ஒரு புத்தகத்தை இறக்குங்கள், கோலாப்பைத் திறங்கள், ஒரே ஓர் அட்டவணையை எடுத்து ஒரே ஒரு கோடு வரையுங்கள். அதை அந்தத் தொழில் செய்கிற ஒருவரிடம் கொண்டுபோய் “ஏனுங்க இப்படி?” என்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். வேலை கிடைக்குமா, சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். இவ்வளவு சந்தோஷமான வேலை நம் படிப்புக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் முழுக்க இலவசமாக. பத்திரிகை ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: திருப்பூர்ச் செய்தி போடும்போது 6109ஐ ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் படித்துவிட்டு, தப்பு இருந்தால் போன் போட்டுச் சொல்வார்கள்.